பையில் பாரம்பரியம், சுவரில் தகடு

எங்கள் ஊரான ஆரணியின் கடைத்தெருவில் 'புதுப்பொலிவுடன் விரைவில்' என்று பேனர் கட்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒரு கடையின் முகப்பைப் பச்சை வலை போட்டு மூடுவார்கள். சாரம் ஏறும். உள்ளே டிரில் சத்தம் காதைப் பிளக்கும். ஒருநாள் காலையில் வலையை அவிழ்த்தால், நேற்றுவரை கைப்பிடிச் சுவரில் சுதைக் கிளியும் தாமரையும் வைத்துக்கொண்டு நின்ற மாடிக் கட்டடத்தைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு சிவப்புப் பெட்டி நிற்கிறது. ஜன்னல் கிடையாது, மாடம் கிடையாது, தாழ்வாரம் கிடையாது. நடுவில் இரண்டாள் உயரத்துக்குக் கடையின் பெயர், ராத்திரியில் எரிகிற எழுத்தில்.

திறப்பு விழாவுக்குப் போயிருந்தபோது முதலாளியிடம் கேட்டேன். "பழைய கட்டடத்தை இடிச்சிட்டீங்களாண்ணா?"

"ஐயையோ, இடிக்கல சார். அது அப்படியே உள்ளதான் இருக்குது. மேல ஏசிபி அடிச்சிருக்கோம், அவ்ளோதான். லுக் எப்படி இருக்குது?"

லுக் நன்றாகத்தான் இருந்தது. வேலூரிலும் செய்யாறிலும் திண்டிவனத்திலும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்தது. செல்போன் கடையும் அடகுக் கடையும் பல் ஆஸ்பத்திரியும் இதே தகட்டைத்தான் மாட்டியிருக்கின்றன. எழுத்தை மட்டும் மாற்றினால் போதும், பட்டுக் கடை நாளைக்கே டைல்ஸ் கடையாகிவிடும்.

சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூ எல்லாம் ஆனபின் கையில் ஒரு பை கொடுத்தார்கள். அதில் கோபுரம், தறி, தழையத் தழையப் புடவை கட்டிய ஒரு பெண். கீழே 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்'. கல்லாவுக்கு மேலே தாத்தாவின் படம், சந்தன மாலையோடு. அந்தத் தாத்தா கட்டிய முகப்புதான் தகட்டுக்குப் பின்னால் மூச்சு முட்டிக் கிடக்கிறது. இதை முதலாளியிடம் சொன்னால் விழாவைக் கெடுத்தவன் ஆவேன். ஆகவே ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தேன். (அதுவும் மதுரையிலிருந்து வந்ததுதான்.)

ஆரணி பெரிய ஊர் அல்ல. பெரிய கடை வீதி, காந்தி ரோடு, மார்க்கெட் ரோடு என்று ஒரு சுற்று சுற்றினால் கடைத்தெரு முடிந்துவிடும். ஆனால் இந்தச் சின்ன வட்டத்துக்குள் அரிசியும் பட்டும் பல தலைமுறையாகக் கைமாறியிருக்கின்றன. கொசப்பாளையம், சைதாப்பேட்டை, ஆரணிப்பாளையம், சுற்றியிருக்கிற முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று தறி ஓடுகிற இடங்களிலிருந்து புடவை இங்கேதான் வந்து சேரும். செங்குந்தரும் சௌராஷ்டிரரும் தறியில் உட்கார்ந்தார்கள். ஜரிகை சூரத்திலிருந்தும் நூல் கர்நாடகத்திலிருந்தும் வந்தது. இவை எல்லாம் சேரும் இடமாக இருந்தவை இந்தக் கடைக்கட்டடங்கள். அவற்றை வெறும் சுவர் என்று நினைப்பவர்களுக்காகத்தான் கொஞ்சம் விவரமாக எழுதவேண்டியிருக்கிறது.

பழைய பட்டுக் கடையின் வாசலில் திண்ணை. பாவு அறுத்த புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வருகிற நெசவாளர் அங்கேதான் காத்திருப்பார். நூலும் ஜரிகையும் எடை போட்டுத்தான் தறிக்குப் போகும்; புடவையும் எடை போட்டுத்தான் திரும்ப வரும். அதனால் தராசு வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காரவேண்டும். நடுவில் முற்றம், இல்லாவிட்டால் கூரையில் கண்ணாடி பதித்த திறப்பு. வானத்து வெளிச்சம் நேராக விரிப்பின்மேல் விழும்.

அந்த வெளிச்சம் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. மயில்கழுத்துக் கலர் என்பது ஒரே நிறமா? பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைத் திருப்பினால் நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அரக்கு, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், எம்.எஸ். ப்ளூ எதுவானாலும் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதெல்லாம் தெரிந்துதான் கொத்தனார் முற்றத்தை விட்டுக் கட்டினார். சன்னமான ஜன்னல், கனத்த சுவர். பட்டுக்கு நேர் வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது என்ற கணக்கு.

இப்போது தகடடித்த கடைகளில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். உள்ளே நூறு எல்இடி விளக்கு. எந்தப் புடவையைப் பிரித்தாலும் ஜொலிக்கும். பார்க்கிற அம்மாவுக்கு நம்பிக்கை வராது. "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்பார். விற்பனைப் பெண் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏசியை விட்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில், பைக்குகளுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நின்று முந்தியை விரிப்பார். அம்மாவும் மாமியாரும் நாத்தனாரும் அங்கே நின்று கலரை முடிவு செய்வார்கள். இந்தக் காட்சியை ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் பார்க்கிறேன். லட்சக்கணக்கில் செலவு செய்து வெளிச்சத்தை அடைத்துவிட்டு, வெளிச்சத்துக்காகப் புழுதியில் நிற்கிறோம். கேட்டால் மாடர்ன்.

தகடு அடிப்பது எப்படி என்றும் ஒருநாள் நின்று பார்த்தேன். முதலில் சுவரில் இரும்புச் சட்டம் கட்டவேண்டும். அதற்கு முழத்துக்கு ஒரு துளை. சுதைப் பூவோ மயிலோ குறுக்கே வந்தால் அதன்மேலேயே துளை. துருத்திக்கொண்டு நிற்கும் கொடுங்கை இடைஞ்சல் என்றால் சுத்தியால் தட்டிவிடுவார்கள். அங்கே ஒரு கிளியின் கழுத்துக்குள் டிரில் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பொடி கொட்டியது. மேஸ்திரி அலுத்துக்கொண்டார்: "இன்னா சார் பண்றது, எல்லாம் சுண்ணாம்பு. ஸ்க்ரூ நிக்கவே மாட்டேங்குது. இடிச்சிட்டு கான்கிரீட் போட்டிருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேன்."

சுண்ணாம்பு என்று அவர் இளக்காரமாகச் சொன்னதைத்தான் அன்றைக்கு மாதக்கணக்கில் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசினார்கள். கூரைக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் சின்னஞ்சிறு செங்கற்களைச் சாய்வாக, நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் நாள்கணக்கில் இடித்து, மேலே தட்டோடு பாவுவார்கள். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மாடியில் குப்பை கூட்டி, தண்ணீர்ப் போக்கி அடைக்காமல் பார்த்துக்கொண்டால் மூன்று தலைமுறை தாங்கும். அரச மரக் கன்றைப் பார்த்தவுடன் பிடுங்கவேண்டும், அவ்வளவுதான். நாம் பிடுங்குவதில்லை. அரசமரம் சாமி மரம் என்று விட்டுவிட்டு, சுவர் பிளந்தபின் "கட்டடம் வீக்" என்கிறோம்.

அடுத்த அபத்தம் சிமெண்ட் பூச்சு. காரை உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் அப்பினால் பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும். ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் ரகம். சிமெண்ட் அதை வெளியே விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் மாவாகிக் கொட்டும். ஐந்தாறு மழைக்காலம் போனால் சிமெண்ட் பத்தை தனியாகவும் சுவர் தனியாகவும் நிற்கும். உடனே எஞ்சினியர் வருவார், தட்டிப் பார்ப்பார், "லைஃப் முடிஞ்சிடுச்சு" என்பார். அந்த லைஃபை முடித்ததே அவர் சொன்ன பூச்சுதான் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏசிபி என்பது என்ன என்றாவது தெரிந்துகொண்டு மாட்டுகிறோமா? இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பெரும்பாலும் பிளாஸ்டிக். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற குடியிருப்பில் 2017 ஜூன் மாதம் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் அடித்திருந்த இதே வகைத் தகட்டைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கட்டடத்தையும் சூழ்ந்தது. நம் கடைத்தெருவில் தகட்டுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது? போர்டு விளக்குக்கான வயர், ஏசிக்கான வயர், பக்கத்துக் கடைக்கு இழுத்த வயர். முன்பக்க ஜன்னல் மொத்தமும் அடைப்பு. உள்ளே தரையிலிருந்து கூரைவரை பட்டு. நினைத்தாலே பதறுகிறது. சொன்னால், "சார், நல்லதே பேசுங்க" என்கிறார்கள்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிச் செட்டிநாட்டுக்குப் போகவேண்டும். தேக்கு விலை கேட்டால் தலை சுற்றும். கார் நிறுத்த இடம், லிஃப்ட், ஏசி என்று வாடிக்கையாளர் கேட்பது கூடிக்கொண்டே போகிறது. கல்யாணப் பட்டெடுக்க வேனில் வருகிறவர்கள் ஆரணியில் ஒரு கடை பார்த்துவிட்டு நேராகக் காஞ்சிபுரம் போய்விடுகிறார்கள். அங்கே ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் கூப்பிடுகிறது. விசைத்தறிப் பட்டும் கலப்புப் பட்டும் போட்டி போடுகிற காலத்தில், கிளி பொம்மையைக் காப்பாற்று என்று நான் சொன்னால் கடைக்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

சட்டமும் அவருக்குத் தோதாக இருந்ததில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டில் அறுபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடைமுறையில் இருந்தது. பழைய வாடகைதாரரை வெளியேற்ற அதில் இருந்த சில வழிகளில் ஒன்று, கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்பது. வழக்கு நடக்கும்போது கட்டடத்தின் வயதும் நிலைமையும் பேசப்படும். அப்புறம் எந்த உரிமையாளர் ஓட்டை அடைப்பார்? கூரை ஒழுக ஒழுகத்தான் கேஸுக்கு பலம். வாடகைதாரர் ஏன் பழுது பார்க்கவேண்டும்? அவர் கொடுப்பதோ தாத்தா காலத்து வாடகை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க நடுவில் கட்டடம் ஒழுகியது. 2019இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதற்குள் எத்தனையோ கூரை இறங்கிவிட்டது.

அடுத்தது பாகப்பிரிவினை. அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. நடு முற்றத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழும்பும். ஒரே முகப்பில் வலது பக்கம் பிஸ்தா பச்சை, இடது பக்கம் ரோஸ். மயில் இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் தோகை ஒருவருக்கு, கழுத்து ஒருவருக்கு. தம்பி தன் பாதியை விற்றுவிட்டுச் சென்னை போய்விடுவார். வாங்கியவர் தூணை எடுத்துவிட்டு ஷட்டர் போடுவார். தூண் வீணாகாது, அதற்கு மட்டும் மதிப்புத் தெரிந்த ஆள் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். பழைய சாமான் வாங்க விற்கக் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவே இருக்கிறதே. அங்கிருந்து ஈசிஆர் ரிசார்ட்டுக்கோ 'கிராமத்துச் சாப்பாடு' ஓட்டலுக்கோ அது போகும். ஆரணியில் இடைஞ்சலாக இருந்த தூணைச் சாய்ந்து நின்று ஆரணிக்காரர்களே செல்ஃபி எடுப்பார்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996இலிருந்து இருக்கிறது. பட்டு நெசவாளர் வீடு எப்படி இருக்கும் என்று அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக்கூட டூர் கூட்டிப்போகிறார்கள். வெட்கமாக இல்லையா என்று யாரைக் கேட்பது?

தார் ரோட்டையும் விடமுடியாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் திண்ணை என்ன செய்யும்? மூன்று படி ஏறிப் போன கடைக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் கடைக்குள். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு நல்ல உத்தரவு. ரோடு மட்டும் இறங்கவில்லை.

இதெல்லாம் சின்ன ஊர்க் கதை, சென்னையில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே காப்பாற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1900இல் திறந்த மூர் மார்க்கெட், செங்கல் சிவப்பில் நின்ற அங்காடி, 1985 மே மாதம் எரிந்தது. அங்கே இப்போது புறநகர் ரயில் நிலையம். வாசலில் அதன் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், ஒப்புக்கு. அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் கதை இதைவிட மோசம். டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1897இல் எழுந்தது அது. கோபுரமும் வளைவுமாக, மருந்துக் கடைக்கு இவ்வளவு அழகா என்று வாய் பிளக்கவைக்கும். பின்னால் பாரத் இன்ஷூரன்ஸ் கைக்கு வந்து, அப்புறம் எல்ஐசிக்குப் போனது. 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010இல் உயர்நீதிமன்றம் பாதுகாப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொன்னது. அதையொட்டி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழு வந்தது. கட்டடம் மட்டும் பாதி இடிந்த கோலத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றது, தலையில் மரம் முளைத்து.

அந்தக் குழுவாவது உண்டே என்று நாம் சந்தோஷப்பட முடியாது. அதன் எல்லை சென்னைப் பெருநகரோடு முடிந்தது. ஆரணி, ஆற்காடு, வந்தவாசிக்கெல்லாம் அதில் இடமில்லை. மாநிலம் முழுமைக்கும் பாரம்பரிய ஆணையம் அமைக்க 2012இல் சட்டமன்றம் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆனது. பன்னிரண்டு வருஷம்! குறிஞ்சி பூக்கிற கணக்கு. அந்த இடைவெளியில் எங்கள் கடைத்தெருவில் பாதி தகட்டுக்குள் போய்விட்டது.

ராஜா கட்டியதற்கே இங்கே கதி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆரணி பதினேழாம் நூற்றாண்டிலிருந்து மராட்டிய ஜாகீர்தார்களின் ஊர். கோட்டை இருந்தது, 1751இல் கிளைவ் இங்கே போரிட்டார், 1782இல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதின. கோட்டைக்குள் கைலாசநாதர் கோயிலும், 1790இல் இறந்த கர்னல் கெல்லியின் நினைவுச் சின்னமும் இருக்கின்றன. கோட்டை மைதானம் என்றால் ஊர்க்காரனுக்குப் பொதுக்கூட்டமும் வாக்கிங்கும்தான் ஞாபகம் வரும். சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தாரின் அரண்மனை. பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் 'கண்ணாடி மாளிகை'. வெள்ளைக்கார மனைவிக்காக ஜாகீர்தார் கட்டினார் என்று ஊரில் கதை சொல்வார்கள். இன்றைக்கு அது இடிபாடு. புதையல் தோண்டியவர்கள் தரையைப் பெயர்த்தார்கள், ஜோடியாகப் போனவர்கள் சுவரில் பெயர் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யூடியூப்காரர்கள் பேய் தேடிப் போகிறார்கள். அரண்மனைக்கு இந்த மரியாதை என்றால், வியாபாரி கட்டிய கடையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

என் பார்வையில் அரண்மனையைவிடக் கடைதான் இந்த ஊரின் சரித்திரம். ஜாகீர்தார் வந்தார், போனார். ஊருக்குச் சோறு போட்டது தறியும் மண்டியும். அந்தத் திண்ணையில் நெசவாளி காத்திருந்தார், கூலி குறைந்தபோது சண்டை போட்டார், தீபாவளி முன்பணம் வாங்கினார். எல்லாம் இனிமை என்று சொல்லவில்லை. அந்த வெள்ளை மெத்தையில் சில பேர் உட்கார்ந்தார்கள், சில பேர் கடைசிவரை திண்ணையிலேயேதான் நின்றார்கள். அதுவும் தெரியவேண்டும் என்றால் அந்தத் திண்ணை இருக்கவேண்டும் அல்லவா?

எல்லாவற்றிலும் வேடிக்கை, ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சென்னையில் இருக்கிற பதிவகத்தில் பதிந்து வாங்கியது. வேறு ஊர்க்காரர் ஆரணிப் பட்டு என்று பெயர் போட்டு விற்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறியீட்டின் உயிரே, இந்தச் சரக்கு இந்த மண்ணில் பிறந்தது என்பதுதான். மண்ணைக் காட்டு என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால் எதைக் காட்டுவது? தறி இருந்த வீட்டில் மாடி எழும்பி வாடகைக்கு விட்டாயிற்று. புடவை விற்ற கட்டடத்துக்குத் தகடு அடித்தாயிற்று. பெயருக்குப் பட்டா வாங்கிவிட்டு இடத்தைத் தூர்த்துவிட்டோம்.

செய்யவே முடியாத காரியமா இது? புதுச்சேரியில் வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணுமாகத் தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கிற தெரு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அந்த முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. வீட்டுக்காரர்கள் வீட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள், யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. மதுரைக்காரர்களுக்கு வேறு விதப் பிரச்சினை: திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தையல் கடையும் புத்தகக் கடையும் பாத்திரக் கடையும். வருடக்கணக்கில் இழுபறி நடந்து, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மிஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்று தெரிந்தது, அது வேறு விஷயம். ஆனால் சிற்பத்தின்மேல் ஆணி அடிப்பது நின்றதே!

எங்களுக்கு விருதெல்லாம் வேண்டாம். கடை முதலாளிகளே, போர்டு வைக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் வையுங்கள், எழுத்து எரியட்டும். மேல்மாடி முகப்பை மட்டும் விட்டுவிடுங்கள். தகட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக்குக் கொடுத்தால் அந்தக் கிளிக்கு மூக்கு வந்துவிடும். சிமெண்ட் பூசாதீர்கள். அரசங்கன்றைப் பிடுங்குங்கள். முற்றத்தின் மேல் இருக்கிற ஷீட்டைக் கழற்றிக் கண்ணாடி போடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் ரோட்டுக்கு ஓடவேண்டியதில்லை. பையில் கோபுரம் அச்சடிப்பதற்குப் பதிலாக உங்கள் சொந்தக் கட்டடத்தின் படத்தையே போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் அதைக் காப்பியடிக்க முடியாது. நகராட்சி, ரோடு போடும்போது சுரண்டிவிட்டுப் போட்டால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

பாரம்பரிய ஆணையத்துக்கும் ஒரு வார்த்தை. கோயில், கோட்டை, கலெக்டர் பங்களா என்று பட்டியல் எடுக்கும்போது கடைத்தெருவையும் அதில் சேருங்கள். எந்தக் கடை, எப்போது கட்டியது, முகப்பில் என்ன இருக்கிறது என்று நடந்து பார்த்து எழுதிக்கொள்ள ஒரு ஆளை அனுப்பினால் போதும், தெருத் தெருவாக நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆடிக்கு முன்னால் அனுப்புங்கள், அப்புறம் பச்சை வலை ஏறிவிடும். ரயிலில் வருவதானால் ஒன்று கவனம்: ஆரணி ரோடு என்று போட்டிருக்கும் ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும்.